காட்டு நடைக்கு ஒரு கத்தி

மழை பிறந்துவிட்டால் புனேயிலுள்ள மாணவர்களுக்கு மலைப்பித்துப் பிடித்துவிடுகிறது. சனிக்கிழமை இரவே மூட்டை கட்டுகிறார்கள். ஞாயிறு விடியுமுன் சிங்ககட், ராஜ்கட், தோர்ணா என்று ஏதேனும் ஒரு கோட்டையின் அடிவாரத்தில் போய் நிற்கிறார்கள். தமிழ் மாணவர்களும் இதில் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். அப்படிப் போய்வருகிற நண்பர்கள் சிலர் இப்போது என்னிடம் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள்: “மலைக்கு எடுத்துப்போக ஒரு கத்தி வேண்டும். எது நல்ல கத்தி? அதற்கு என்ன விலை கொடுக்கலாம்?” நான் உலோகவியல் படிக்கிறவன், அதோடு கொல்லுப் பட்டறையைக் கண்டால் நின்று வேடிக்கை பார்க்கும் வழக்கமும் உடையவன். ஆகவே எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கத்தியைப் பற்றிப் பேசுமுன் அதற்குள்ள வேலையைப் பற்றிப் பேச வேண்டும். ஓர் இரவு மலையில் தங்குகிற மாணவனுக்குக் கத்தியால் ஆகவேண்டியது என்ன? வெங்காயம் நறுக்க வேண்டும். கயிறு அறுக்க வேண்டும். கூடாரத்துக்கு முளை சீவ வேண்டும். இவற்றையெல்லாம் சமையலறைக் கத்தியே செய்துவிடும். கத்திக்கு உண்மையான சோதனை மழைக்கால விறகுதான். தீ மூட்ட அனுமதி உள்ள இடத்தில், ஆடி மாத மழையில் ஊறிக் கிடக்கும் ஒரு பட்ட கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்புறம் சொதசொதவென்று இருக்கும். ஆனால் மணிக்கட்டுப் பருமன் உள்ள கிளையைப் பிளந்தால் நடுமரம் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். கத்தியைக் கிளையின் தலையில் குறுக்கே வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினால் கிளை பிளக்கும். பிளந்த துண்டை மெல்லிய சுருள்களாக, அடியில் ஒட்டியே இருக்கும்படி சீவிக்கொண்டே வந்தால், தென்னம்பாளை விரிந்ததுபோல ஒரு குச்சி கிடைக்கும். அது ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும். பிளக்கும்போது முறியாமலும், சீவும்போது மழுங்காமலும் இருக்கிற கத்தி எதுவோ அதுவே காட்டு நடைக்குரிய கத்தி. மற்றவை வெறும் அலங்காரம்.

இங்கேதான் நம் நண்பர்கள் பலர் வழி தவறுகிறார்கள். சினிமாவில் வரும் வீரன் முழங்கை நீளக் கத்தியோடு காட்டில் புகுகிறான்; அதன் முதுகில் வாள்பல் வெட்டியிருக்கிறது; பிடிக்குள் திசைகாட்டி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இவர்களும் பெரிய கத்தியைத் தேடுகிறார்கள். காட்டில் வாழ்ந்தவர்கள் அப்படி நினைத்ததில்லை. அமெரிக்கக் காடுகளில் திரிந்து ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 1884ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சுமந்து திரிந்தவை ஒரு சிறு கைக்கோடரி, மெல்லிய அலகுடைய ஒரு சிறு கத்தி, ஒரு மடக்குக் கத்தி, அவ்வளவுதான். வெட்டுகிற வேலை கோடரிக்கு, சீவுகிற வேலை கத்திக்கு என்று பிரித்துவிட்டார்.

அமெரிக்காவுக்குப் போவானேன்? கொங்கணத்து உழவரைப் பாருங்கள். இடுப்பின் பின்புறம் ‘ஆக்கடி’ என்ற மரக்கொக்கியில் கொய்தாவைச் செருகிக்கொண்டு நடப்பார். நம் அரிவாளுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. முள் கழிப்பதும், மூங்கில் வெட்டுவதும், மாட்டுக்குத் தழை அறுப்பதும் அதுதான். ஆனால் வீட்டுக்குள் காய் நறுக்க அவர் மனைவி அதைத் தொடமாட்டார். அதற்கு ‘விளீ’ இருக்கிறது. அது நம் அரிவாள்மணையேதான்! வேலைக்கு ஏற்ற கருவி என்பதை மராட்டியரும் தமிழரும் அடுப்பங்கரையிலேயே அறிந்திருக்கிறார்கள். மலைக்குப் புறப்படும்போதுதான் மறந்துவிடுகிறோம்.

பெரிய கத்தியை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையொட்டிய விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகள் ஆயுதங்களின் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் உழவுக்கும் அறிவியல், தொழில் வேலைகளுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. உழவரின் கொய்தாவை அந்த விலக்கு காக்கும். மாணவன் முதுகுப்பையில் இருக்கும் கொய்தாவை எந்த உழவு காக்கும்? சில ஆண்டுகளாகப் புனே நாளிதழ்களில் ‘கொய்தா கும்பல்’ என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. மகாராஷ்டிரப் போலீஸ் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி நகரில் ஆயுதம் ஏந்திச் செல்வதற்கு அவ்வப்போது தடையும் விதிக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சோதிக்கும் காவலரிடம் நெஸ்மக்கின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது. நான்கு அங்குல அலகுள்ள சிறு கத்தியை உறையிலிட்டு, துணியில் சுற்றி, சமையல் பாத்திரங்களோடு பையின் அடியில் வைத்துச் செல்வதே முறை. அதையும் தடை நடப்பிலுள்ள நாளில் விடுதியிலேயே வைத்துவிடுவது நல்லது.

அடுத்து வருவதைப் பலர் அறியார். பீமாசங்கரும் தாம்ஹிணியும் வனவிலங்குச் சரணாலயங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்திலேயே கத்தியும் இருக்கிறது. எழுத்துமூலமான முன்னனுமதி இன்றி ஆயுதத்துடன் சரணாலயத்தில் நுழையக் கூடாது என்பது அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு. ஆதலின் அங்கெல்லாம் போகிறவர்கள், வெங்காயத்தை வீட்டிலேயே நறுக்கி எடுத்துப் போகலாம்.

சட்டம் எழுதாத தடை ஒன்றும் இருக்கிறது. இந்தச் சகியாத்திரி மலைகளில் பல ஊர்களுக்குத் ‘தேவராயி’ என்ற தெய்வக்காடு உண்டு. அதற்குள் பட்ட கிளையைக்கூட எடுக்கக் கூடாது என்பது பல இடங்களில் ஊர்க் கட்டுப்பாடு. மாதவ் காட்கிலும் வர்த்தக்கும் 1970களில் இக்காடுகளை ஆராய்ந்து எழுதினார்கள். சுற்றிலும் மலை மொட்டையாகிவிட்ட இடங்களில்கூடப் பழைய காட்டின் மரங்கள் இத்தோப்புகளில் எஞ்சி நின்றதை உலகம் அறிந்தது. தமிழ்நாட்டின் கோயில்காடுகளும் இப்படித்தான். காவல் தெய்வத்துக்கு அரிவாளை நேர்ந்து நட்டு வைக்கிற நம் மக்கள், அந்த அரிவாளின் எதிரிலேயே ஒரு சுள்ளியை ஒடிக்க அஞ்சுகிறார்கள். ஆகவே அடர்ந்த சோலை ஒன்றைக் கண்டு விறகுக்கு ஆயிற்று என்று மகிழ்ந்து கத்தியை உருவுமுன், அருகில் செந்தூரம் பூசிய கல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கேளுங்கள்.

இனிக் கத்தியின் உருவத்துக்கு வருவோம். மடக்குக் கத்தி வேண்டாம். பழம் நறுக்க அது போதும்; ஆனால் முதுகில் தட்டிப் பிளக்கும் வேலைக்கு அதன் மூட்டு தாங்காது. பூட்டு நெகிழ்ந்து அலகு விரலின்மேல் மடங்கினால் என்ன ஆகும் என்பதை நம் நண்பர் ஒருவரின் சுட்டுவிரலில் உள்ள நான்கு தையல்கள் சொல்லும். மடங்காத கத்தியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது? அந்தப் பகுதியை வால் என்று வைத்துக்கொள்வோம். வால் பிடியின் கடைசிவரை ஓடினால் உறுதி. இரண்டு அங்குலத்தோடு நின்றுவிட்டால், ஒருநாள் அலகு மரத்திலும் பிடி கையிலுமாக நிற்க நேரும். அலகு நான்கு அங்குல நீளம் போதும். முதுகின் பருமன் மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். பருமனான கத்தி பலமானது என்று தோன்றும். சீவிப் பாருங்கள், ஆப்புப் போல மரத்தைத் தள்ளுமே தவிர அறுக்காது.

வாய் தீட்டியிருக்கும் முறையிலும் வகைகள் உண்டு. ஸ்வீடன், நார்வே நாட்டுக் கத்திகளில் இருபுறமும் ஒரே அகன்ற சரிவு வாய்வரை வரும்; நடுவில் வேறு சரிவு இல்லை. கற்றுக்கொள்பவனுக்கு இதுவே எளிது. ஏனெனில் அந்தச் சரிவைச் சாணைக்கல்லின்மேல் படிய வைத்தால் கோணம் தானே அமைந்துவிடும். கண் அளவு தேவையில்லை. ஸ்வீடனில் மோரா என்ற ஊரின் பக்கத்தில் 1891லிருந்து இத்தகைய கத்திகளைச் செய்துவருகிறார்கள். காடுவாழ் கலையைப் பற்றி எழுதிய கனடா நாட்டு ஆசிரியர் மார்ஸ் கொச்சான்ஸ்கி தம் மாணவருக்கு இந்த மலிவான கத்தியையே பரிந்துரைத்தார். வெளிநாட்டுக் கத்திதான் வேண்டும் என்பவர், விளம்பரங்களில் வரும் பூதங்களை விட்டு இதைப் பார்ப்பது நலம்.

ஆனால் கத்தியின் உயிர் உருவத்தில் இல்லை, தோய்ச்சலில் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இரும்பில் கலந்துள்ள கரியின் அளவுதான் அது கத்தியாகுமா ஆகாதா என்பதை முடிவுசெய்கிறது. வீடு கட்டும் கம்பியில் நூற்றுக்குச் சுமார் 0.2 பங்கு கரி. அதை எவ்வளவு தோய்த்தாலும் கூர் நிற்காது. லாரியின் வில்பட்டையில் 0.5 முதல் 0.6 வரை, இதிலிருந்து நல்ல அரிவாளும் ஓரளவு நல்ல கத்தியும் வரும். பழைய அரத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். மிகக் கடினமான கூர் கிடைக்கும், ஆனால் உடையும் குணமும் கூடும். எஃகை உலையில் செர்ரிப் பழச் சிவப்பாகக் காய்ச்சுகிறார்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாமல் போகிறது. அதையும் தாண்டிய சூட்டில் எடுத்து எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்துகிறார்கள். திடீரெனக் குளிர்வதால் கரி அணுக்கள் வெளியேற வழியின்றி இரும்பின் படிகத்துக்குள் சிக்கிக்கொள்கின்றன. அந்த நெருக்கடியே கடினம். இந்நிலையில் அது கண்ணாடி போன்றது. கீழே போட்டால் விண்டுபோகலாம். எனவே மீண்டும் மெல்லச் சூடு காட்டுகிறார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் நிறம் ஓடும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். சுமார் 230 டிகிரியில் வரும் வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கத்தி. 300 டிகிரியை ஒட்டிய நீலத்தில் நிறுத்தினால் வில். இந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்த்து நொடியில் நிறுத்துகிறவனே கொல்லன். தமிழில் நாம் தோய்ச்சல் என்பதை மராட்டியில் ‘பாணி தேணே’, அதாவது தண்ணீர் கொடுத்தல் என்கிறார்கள். ஏதோ தாகத்தோடு வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல!

இந்த வித்தையைப் புனேயில் பார்க்க ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டியதில்லை. கிஸாடி என்ற நாடோடிக் கொல்லர் குடும்பங்கள் சாலையோரத்திலும் வாரச் சந்தைகளிலும் உலை மூட்டுகிறார்கள். கணவன் குறட்டால் இரும்பைப் பிடித்துத் திருப்ப, மனைவி சம்மட்டி ஓங்கி அடிப்பதைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். நான் பார்த்த ஒருநாள், வில்பட்டைத் துண்டு ஒன்று ஐந்தங்குல அலகாக மாற முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் எத்தனை சம்மட்டி அடி என்று எண்ணத் தொடங்கி, இருநூறுக்குமேல் விட்டுவிட்டேன். சொன்ன விலை முந்நூறு ரூபாய். உடன் வந்த நண்பர் பேரம் பேசி நூற்றெண்பதுக்கு முடித்தார். மிச்சப்பட்ட நூற்றிருபது ரூபாய் அரைமணி நேரத்தில் இரண்டு கோப்பைக் காப்பியாகக் கரைந்தது. அந்தக் கடையில் அவர் பேரம் பேசவில்லை. இதே நண்பர் ஐயாயிரம் ரூபாய்க் கத்தியின் படத்தைக் கைப்பேசியில் காட்டி “விலைக்கேற்ற தரம்” என்று வியந்தவர். கரி, இரும்பு, இரண்டு பேர் உழைப்பு, தலைமுறை தலைமுறையாகப் பழகிய கண் ஆகிய இத்தனையும் சேர்ந்து நூற்றெண்பதா? கத்தியை மதிப்பிடத் தெரியவேண்டும் என்று நான் சொல்வதில் இதுவும் அடங்கும். மட்டமானதை மட்டம் என்று தள்ளவும், நல்லதற்கு உரிய விலையைக் கேட்டதும் கொடுக்கவும் இரண்டுக்கும் ஒரே அறிவுதான் வேண்டியிருக்கிறது.

எதிர்ப்புறத்தில் ஏமாற்று விலையும் உண்டு. ‘டமாஸ்கஸ் எஃகு’ என்று சொல்லி, அலகெல்லாம் நீரலை போன்ற கோலம் ஓடும் கத்திகளை உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள். பெரும்பாலும் அவை இருவகை எஃகுத் தகடுகளை அடுக்கிப் பற்றவைத்து, அமிலத்தில் தோய்த்துக் கோலத்தை எழுப்பியவை. அழகுதான், ஆனால் கோலம் அறுக்காது. மேலைநாட்டார் டமாஸ்கஸ் என்று புகழ்ந்த பழைய வாள்களின் எஃகு, தென்னாட்டிலும் தக்காணத்திலும் மூசையில் வைத்து உருக்கியது. நம் கொடுமணலில் பழைய இரும்புத் தொழிலின் தடயங்களை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர் அந்த எஃகை ‘ஊட்ஸ்’ என்று எழுதினார்கள். கன்னடத்து உக்கும் தமிழ் உருக்கும் அச்சொல்லுக்கு மூலமாகக் கருதப்படுகின்றன. பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளைச் சோதித்து ஜார்ஜ் பியர்சன் என்பவர் 1795ல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பின்னர் மைக்கேல் ஃபாரடேயும் இதன் மர்மத்தை ஆராய்ந்தார். அந்தப் பெருமை நமக்கு உண்டு. அதற்காக இன்றைய கடைக்காரருக்குக் கூடுதலாக நாலாயிரம் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, கையில் ஒரு கத்தி இருக்கிறது. அதன் குணத்தை எப்படி அறிவது? கொல்லரிடம் வாங்குவதானால் முதற்கேள்வி, “இது கமான் பட்டாவா?” என்பது. வில்பட்டைக்கு இங்கே அதுதான் பெயர். சாணையில் வைக்கும்போது பொறியைக் கவனியுங்கள். கரி குறைந்த இரும்பின் பொறி நீண்ட கோடாக ஓடி அடங்கும். கரி மிகுந்த எஃகின் பொறி கம்பி மத்தாப்பைப் போல நுனியில் பூப்பூவாய் வெடிக்கும். பிறகு வாயை ஒட்டி நீலத் திட்டு ஏதும் உண்டா என்று பாருங்கள். விசைச் சாணையில் அழுத்தித் தீட்டிச் சூடேற்றிவிட்டால் தோய்ச்சல் அந்த இடத்தில் இறந்துவிடும். நீலம் அதன் அடையாளம். ஒரு புதிய அரத்தின் நுனியை வாயில் மெல்ல இழுத்தால், நன்றாகத் தோய்ந்த எஃகில் அது வழுக்கும். மெத்தென்ற இரும்பில் கடித்துப் பிடிக்கும்.

கடைசிச் சோதனை மரம். உலர்ந்த மூங்கிலைப் பத்து நிமிடம் சீவிவிட்டு, வாயை விளக்கு வெளிச்சத்தில் உங்களை நோக்கிப் பிடியுங்கள். கூர்மையான வாய் கண்ணுக்குத் தெரியாது. மழுங்கியது வெள்ளைக் கோடாய் மின்னும். வாய் மடங்கியிருந்தால் தோய்ச்சல் குறைவு. சிறுசிறு பல்லாக விண்டிருந்தால் தோய்ச்சல் மிகை. அதை உங்கள் விடுதிச் சமையலறை அடுப்பில் வைத்துச் சரிசெய்ய முயலாமல், கொல்லரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள். மறுபடி ஒரு சூடு காட்டித் தருவார். அதே பத்து நிமிடத்தில் பிடியின் குணமும் தெரிந்துவிடும். கடையில் கைக்கு அடக்கமாய்த் தோன்றிய பிடி உள்ளங்கையில் கொப்புளம் எழுப்பினால், அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக் குறையுங்கள். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடி யாரோ ஒருவருடைய கைக்குத்தான் பொருந்தும். அவர் நீங்களாக இருப்பது அரிது.

சீவும்போது உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே குச்சியைப் பிடித்துச் சீவாதீர்கள். தொடையின் உட்புறம் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. மலையுச்சியிலிருந்து மருத்துவமனைக்கு மூன்று மணி நேரமாகும். முழங்காலுக்கு அப்பால், உடம்பை விட்டு வெளிப்புறமாகவே கத்தி போகவேண்டும்.

துருப்பிடிக்காத எஃகு வாங்கலாமா என்று கேட்பீர்கள். 1913ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய அந்த வகை, குரோமியம் மிகுந்தது. சகியாத்திரி மழையில் நான்கு நாள் கவனிக்காமல் விட்டாலும் தாங்கும். கவனக்குறைவானவர்கள் அதையே வாங்கட்டும். நான் குறைசொல்ல மாட்டேன். கரி எஃகு தீட்ட எளிது, ஆனால் சீராட்ட வேண்டும். வெங்காயம் நறுக்கியதும் துடைக்காவிட்டால் கறுக்கும். அந்தக் கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். செந்துரு வேறு, அதுதான் பகை. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாதலால், மலையிலிருந்து வந்ததும் கத்தியை உறையிலிருந்து எடுத்துத் தனியே காயவைத்து, எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். தலைக்கு வைத்திருக்கும் தேங்காயெண்ணெயே போதும். மார்கழிக் குளிரில் அது புட்டிக்குள் உறைந்துபோய் வராது. அப்போது புட்டியைச் சற்று நேரம் வெயிலில் வைத்தால் இளகிவிடும்.